முதல் வெட்டு இடாப்பில்தான் விழுகிறது

போன வருசம் ஒரு நாள் இரவு எங்கட வட்ஸ்அப் குழுவுக்குள் ஒரு வீடியோ வந்தது. ஒரு வீட்டுப் படலை. இரண்டு மோட்டார் சைக்கிள். முகத்தில் துணி கட்டின நாலைந்து பெடியள். ஒருத்தன் கையில் வாளோடு படலையைக் காலால் உதைக்கிறான். உள்ளே ஒரு பெண் கத்துகிறா. முப்பது செக்கன்கூட இல்லை. கடைசியில் அந்தப் பெடியன்ர முகத்துணி ஒருக்கால் நழுவுகிறது.

"டேய், உவன் எங்களோட படிச்சவன் எல்லோ?" என்று எங்களில் ஒருத்தர் எழுதினார்.

ஓம். எங்களோட ஒன்பதாம் ஆண்டு வரைக்கும் படித்தவன்.

அந்த இரவு நாங்கள் என்ன செய்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீடியோவை மற்றக் குழுக்களுக்கு அனுப்பினோம். "உவங்களைச் சுடோணும்" என்று ஒருத்தர் போட்டார். சிரிப்புப் படம் போட்டவையும் எங்களுக்குள் இருக்கினம். விடிய எல்லாரும் வேலைக்கும் வகுப்புக்கும் போய்விட்டோம். அந்த வீட்டுக்காரருக்குக் கையில் வெட்டு. இரண்டு விரலை இன்றைக்கும் அவரால் மடக்க ஏலாது. எங்களோட படித்தவன் விளக்கமறியலுக்குப் போனான்.

இரண்டு மாதம் கழித்து மல்லாவிச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும்போது அவனுடைய அம்மா எங்களைக் கண்டு நின்றா. அவனைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. "நீங்கள் எல்லாரும் இப்ப என்ன செய்யிறியள் தம்பி?" என்று மட்டும் கேட்டா. நாங்கள் ஒவ்வொருத்தராகச் சொன்னோம். எல்லாம் கேட்டுவிட்டு, "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனா. அந்த இரண்டு 'நல்லது'க்குப் பிறகுதான் இந்தக் கட்டுரை எழுதவேண்டி வந்தது.

அவனை நாங்கள் கடைசியாக வகுப்பில் கண்ட நாள் எது என்று இருந்து யோசித்தோம். ஒன்பதாம் ஆண்டு, இரண்டாம் தவணை. பள்ளிக்கூடத்துக்கு வெளியில் நடந்த ஒரு சண்டை. மூன்று பேர் பிடிபட்டார்கள். இரண்டு பேருக்குத் தகப்பன்மார் வந்து கதைத்தார்கள். அவனுக்கு வர ஆளில்லை. அம்மா அந்த நேரம் கூலி வேலைக்குப் போயிருந்தா. "ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு காணும்" என்று ஒரு ஆசிரியர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். விடுகைப் பத்திரம் எழுதப்பட்டது. இடாப்பில் அவனுடைய பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்து ஒரு சிவப்புக் கோடு.

வாள்வெட்டைப் பற்றி எல்லாரும் எழுதுகினம். நாங்கள் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி எழுதப் போகிறோம்.

சனம் சொல்லும் காரணங்கள்

இந்த வீடியோவைப் பற்றி ஊரில் கேட்டால் நாலு விதமான மறுமொழி வரும்.

முதலாவது, "இயக்க காலத்தில இப்படி நடந்ததோ? இரவு பன்னிரண்டு மணிக்கும் பொம்பிளைப் பிள்ளை நகை போட்டுக்கொண்டு தனியப் போகலாம்." இதைச் சொல்கிறவர்களின் ஏக்கம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் பயத்தில் அடங்கியிருப்பதும் பாதுகாப்பாக வளர்வதும் ஒன்றில்லை. பயம் காட்டுகிறவர் போன அடுத்த நாளே குலைந்துபோகிற ஒழுங்கைத் திருப்பிக் கேட்பதில் அர்த்தம் இல்லை. அதோடு, அந்தக் காலத்தில் பதினாறு வயதுப் பிள்ளையைப் பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்திருந்த தாய்மாரும் எங்கட ஊரில்தான் இருக்கினம்.

இரண்டாவது, "எல்லாம் போனும் படமும்." வாளோடு நிற்கிற கதாநாயகனைப் பார்த்து ரிக்ரொக்கில் நடிக்கிற பெடியள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் அதே படத்தை நாங்களும் பார்த்தோம். மங்குளத்தில இருந்து வெள்ளாங்குளம் வரைக்கும் எல்லாப் பெடியளும் பார்த்தவங்கள். ஏன் ஒருத்தன் மட்டும் வாளைத் தூக்கினான் என்பதற்குப் படம் மறுமொழி சொல்லாது.

மூன்றாவது, "தூள், ஐஸ், கஞ்சா." இது வெறும் சாட்டு இல்லை. கசிப்பு எங்களுக்குப் பழையது. ஐஸ் புதியது. அது மனிசரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எங்கட ஒழுங்கைகளிலேயே காண்கிறோம். ஆனால் போதைக்குள் போனவன் எந்த வெறுமையில் இருந்து போனான் என்ற கேள்வி அதற்கும் முந்தியது.

நாலாவது, "உதெல்லாம் ஆமியும் புலனாய்வும் செய்விக்கிற வேலை." சனம் இப்படிச் சந்தேகப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் கொக்குவில் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸாரின் சூட்டில் செத்தார்கள். அடுத்த சில நாட்களில் 'ஆவா' என்ற பெயர் எல்லாச் செய்தியிலும் வந்தது. அந்தக் குழு முந்தைய ஆட்சியின் படைத்தரப்பால் உருவாக்கப்பட்டது என்று அப்போதைய அமைச்சரவைப் பேச்சாளர் ராஜித சேனாரத்னவே வெளிப்படையாகச் சொன்னார். உண்மை எதுவாக இருந்தாலும், எங்களுக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வாளை யார் கொடுத்தது என்பது ஒன்று. அதை வாங்கின கை அந்த நேரம் ஏன் வெறுங்கையாக இருந்தது என்பது மற்றது. முதலாவதை அரசாங்கத்திடம் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவதை எங்களிடம் கேட்க வேண்டும்.

மழையும் கட்டும்

இளையோர் வன்முறையைப் பற்றி ஆராய்கிறவர்கள் 'ஏன் செய்தான்' என்று ஒரே ஒரு காரணத்தைத் தேடுவதில்லை. ஆபத்துக் காரணிகள், காப்புக் காரணிகள் என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். வீட்டில் அடி, தகப்பனின் குடி, வறுமை, பள்ளிக்கூடத்தில் தோல்வி, கூடாத சேர்க்கை, கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதமும் போதையும், இதெல்லாம் ஆபத்துப் பக்கம். கண்டிப்பும் அன்பும் சேர்ந்த ஒரு பெரியாள், பள்ளிக்கூடத்தோடு ஒட்டு, கையில் ஒரு தொழில், விளையாட்டு, 'நீ எங்கட ஆள்' என்று சொல்கிற ஒரு கூட்டம், இதெல்லாம் காப்புப் பக்கம்.

வவுனிக்குளத்துத் தண்ணியில் வயல் செய்கிற சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. மாரியில் எவ்வளவு மழை பெய்யும் என்பது எங்கட கையில் இல்லை. கட்டு ஒரு எலிப்பொந்தால் உடைவதும் இல்லை. பத்துப் பொந்து, அடைக்க ஆளில்லாத கட்டு, மேலே பெருமழை, மூன்றும் ஒரே இரவில் சேரும்போதுதான் உடைகிறது. உடைந்த பிறகு மழையைப் பேசிப் பிரயோசனம் இல்லை. கட்டில் நடந்து பார்த்தவர் யார் என்றுதான் கேட்க வேண்டும்.

எங்கட பெடியளுக்குப் பெய்த மழை சின்ன மழையும் இல்லை. இப்போது பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கோ. 2009 மே மாதத்தில் அவர்களில் சிலர் கைக்குழந்தை, சிலர் வயிற்றில். மிச்சப் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும், மீளக்குடியேறின தறப்பாள் கொட்டிலிலும் பிறந்தவர்கள். சண்டை அவர்களுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சண்டையை ஞாபகம் வைத்திருக்கிற வீட்டில்தான் வளர்ந்தார்கள். இரவில் எழும்பிக் கத்துகிற தகப்பன், காணாமல் போன அண்ணனின் படத்துக்கு முன்னால் பேச்சில்லாமல் இருக்கிற தாய், சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடாத பெயர்கள்.

வறுமையும் அப்படித்தான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012/13 கணக்கெடுப்பில் நாடு முழுக்க வறுமை 6.7 வீதம். முல்லைத்தீவு மாவட்டத்தில் 28.8 வீதம். புதிய வறுமைக்கோட்டின்படி 2019 கணக்கில் நாடு 14.3 வீதம், நாங்கள் 44.5 வீதம். இரண்டு தடவையும் முல்லைத்தீவுதான் நாட்டிலேயே கடைசி. இந்த எண்களுக்குப் பின்னால் நுண்கடன்காரர் வரும் நாளில் பின்படலையால் வெளியேறுகிற அம்மாமார் இருக்கினம்.

சண்டைக்கும் வீட்டு அடிக்கும் உள்ள தொடர்பு ஊகம் இல்லை. கிளவுடியா கற்றானி என்ற ஜேர்மன் உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் செய்த ஆய்வு 2008 இல் வெளிவந்தது. போரைக் கூடக் கண்ட பிள்ளைகள், தகப்பன் கூடக் குடிக்கிற பிள்ளைகள், இவர்கள்தான் வீட்டிலும் கூட அடிவாங்கியிருந்தார்கள். குண்டு விழுந்து முடிந்த பிறகும் அது வீட்டுக்குள் வேறு உருவத்தில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைத்தான் கூட்டு மனவடு என்று பல வருசமாக எழுதி வருகிறார். தனி ஆளின் மனம் மட்டும் உடையவில்லை, குடும்பமும் ஊரும் ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிடிக்கிற விதமே உடைந்தது என்று.

இதோடு நிறுத்தினால் நாங்கள் எல்லாரும் வாளோடு திரிய வேண்டும். திரியவில்லையே. ஏன்?

அதே ஆய்வாளர்கள் பிறகு வடக்கில் செய்த இன்னொரு ஆய்வு 2015 இல் வந்தது. போரின் கொடுமைகளைக் கண்டிருந்தும், தாய் தகப்பன் தன்னை அன்பாகப் பார்க்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளுக்கு, பயமும் துக்கமும் உள்ளுக்குள்ளேயே அழுந்திப்போகிற பாதிப்பு குறைவாக இருந்தது. அது வன்முறையைப் பற்றிய ஆய்வு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விசயத்தை எங்கட மண்ணிலேயே காட்டியது: மழை ஒரே மழைதான், கட்டு வேறு வேறு.

உலகத்தில் இதற்குப் பழைய உதாரணம் ஹவாயில் உள்ள கவாய் தீவு. எமி வேர்னர் என்ற உளவியலாளரின் குழு 1955 இல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை அவர்கள் நாற்பது வயதாகும் வரைக்கும் தொடர்ந்து பார்த்தது. வறுமை, குடும்பச் சண்டை, குடி, மனநோய் எல்லாம் சூழ்ந்த வீடுகளில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் ஒரு குழப்பமும் இல்லாமல் நல்லபடி வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் பெரியது, தன்னை விட்டுக்கொடுக்காத ஒரு பெரியாள். பெற்றாராக இருக்கத் தேவையில்லை. அம்மம்மாவாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், அயலட்டையாக இருக்கலாம். வழிதவறிய மிச்சப் பேரிலும் பலர் முப்பது வயதுக்குள் திரும்பினார்கள். அவர்களுக்கு யாரோ இரண்டாந்தரம் ஒரு கதவைத் திறந்து விட்டிருந்தார்கள்.

அதே வகுப்பில் இன்னொருத்தன்

கவாய்க்குப் போகத் தேவையில்லை. எங்கட வகுப்பிலேயே இன்னொருத்தன் இருந்தான். தகப்பன் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு நிதானத்தில் இல்லை. தாய்க்கு மூன்று இடத்தில் கடன். பத்தாம் ஆண்டில் அவனும் பள்ளிக்கூடம் வராமல் விட்டான். மணல் ஏற்றுகிற உழவு மெசினில் போனால் ஒரு இரவுக்குக் கையில் காசு. காட்டுப் பாதையில் பொலிஸைக் கண்டால் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஓடுவது பெடியளுக்குப் பிடிக்கும்.

நாலாவது நாள் ஒரு ரீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன்ர வீட்டு முத்தத்துக்கு வந்து நின்றா. ஏசவில்லை. "நீ வராட்டி கரப்பந்து ரீமுக்கு ஆள் காணாது" என்று சொன்னா. அது பொய். ரீமுக்கு ஆள் இருந்தது. ஒரு கிழமை கழித்து அவன் வந்தான். பின்னேரங்களில் ஒரு சைக்கிள் கடைக்கார அண்ணை அவனைக் கடையில் வைத்துக்கொண்டார். சம்பளம் பெரிசாக இல்லை. ஆனால் இரவு எட்டு மணி வரைக்கும் அவன் எங்கே நிற்கிறான் என்று ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தது. சா/த பரீட்சையில் கணிதம் தவறிப்போய் இரண்டாந்தரம் எடுத்தான். இப்போது மோட்டார் சைக்கிள் திருத்துகிறான். இடைக்கிடை குடிப்பான், வாய்ச்சண்டைக்குப் போவான். நல்ல பிள்ளைப் பட்டம் அவனுக்குத் தேவையில்லை. அவன்ர கையில் வாள் இல்லை, ஸ்பனர் இருக்கிறது. அது காணும்.

இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சைக்கிள் பயணம், ஒரு பொய், பின்னேரத்தில் மூன்று மணித்தியாலம். ஒரு பெரிய திட்டமும் இல்லை. வெளிநாட்டு நிதியும் இல்லை.

முதலாமவனுக்கும் அப்படி ஒரு ஆள் இருந்தது. அவன்ர அம்மம்மா. எட்டாம் ஆண்டில் அவ செத்துப்போனா. செத்த வீட்டுக்கு நாங்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு போனோம். அதற்குப் பிறகு அவனை ஒருத்தரும் விசாரிக்கவில்லை. நாங்களும்தான்.

கோடு போடுகிற கை

பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவதற்கும் சிறைக்கும் உள்ள தூரத்தை அளந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் 1998 இல் தொடங்கி ஏறத்தாழ 4,300 மாணவர்களைப் பல வருசம் தொடர்ந்தார்கள். பன்னிரண்டு வயதுக்குள் பள்ளிக்கூடத்தால் வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் பின்னாளில் சிறைக்குப் போவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட நாலு மடங்கு. இன்னொன்றும் கண்டார்கள். ஒரே மாதிரிப் பிழை செய்த பெடியளில், பொலிஸ், வழக்கு என்று உள்ளே உள்ளே இழுக்கப்பட்டவர்களைவிட, வெளியிலேயே கையாளப்பட்டவர்கள்தான் கூட விரைவாகத் திருந்தினார்கள். பதின்ம வயதில் பிழை செய்கிறவர்களில் பெரும்பகுதி வயது போகப் போகத் தானாகவே விட்டுவிடுகிறது. அந்த வயது கடக்கும்வரை அவனைப் பிடித்து வைத்திருக்க ஒரு இடம் வேண்டும். பள்ளிக்கூடம்தான் அந்த இடம்.

எங்கட நாட்டில் 2016 இல் இருந்து கட்டாயக் கல்வி வயது பதினாறு. பிள்ளை வராமல் விட்டால் தேடிப்போகக் கிராம மட்டத்தில் வரவுக் குழு இருக்க வேண்டும் என்றும் ஒழுங்குவிதி இருக்கிறது. அப்படியிருக்க ஒன்பதாம் ஆண்டுப் பெடியனுக்கு எப்படி விடுகைப் பத்திரம் எழுதலாம்? 'பெற்றோர் கேட்டு எடுத்தது' என்று எழுதுவார்கள். கேட்கப்பண்ணுவது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும்.

அடியும் அப்படித்தான். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றுநிருபம் விட்டது. ஆனால் 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழிக்கு எங்கட ஊரில் சுற்றுநிருபத்தைவிட மதிப்புக் கூட. வீட்டிலும் அடி, பள்ளிக்கூடத்திலும் அடி வாங்குகிற பெடியன் ஒரு பாடத்தைச் சரியாகப் படிக்கிறான். பலமுள்ளவன் அடிக்கலாம், மற்றவன் வாங்க வேண்டும். பிறகு அவன் பலமுள்ளவனாக வரப் பார்க்கிறான்.

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்ல நாங்கள் எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆள், தூரத்தில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள், எப்போது இடமாற்றம் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். பெறுபேறு குறைந்தால் வலயத்தில் பேச்சு. கெட்டிக்காரரை உயர்த்தினால் பாராட்டு, விழப்போன பெடியனைப் பிடித்து நிறுத்தினால் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ரீச்சருக்கு எந்தப் பரிசளிப்பு விழாவிலும் ஒரு சான்றிதழும் கொடுக்கவில்லை.

பயம் காட்டுவதில் உள்ள சுகம்

2022 இல் திருத்தின சட்டப்படி ஐந்து கிராம் அல்லது அதற்கு மேல் ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கிக் கொஞ்சக் காலத்திலேயே பல்லாயிரம் பேரைப் பிடித்தார்கள். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்களே அதை நிறுத்தச் சொன்னார்கள். பேஸ்புக்கில் எங்கட சனம் கை தட்டியது. பெரிய வியாபாரி பிடிபடுகிறானோ இல்லையோ, பாவிக்கிற பெடியன் உள்ளே போய், தெரியாத தொழிலையும் படித்துக்கொண்டு வெளியில் வருகிறான்.

பயம் காட்டித் திருத்துவதை அமெரிக்காவில் முறையாகச் செய்து பார்த்தார்கள். நியூஜேர்சி சிறையொன்றுக்குப் பெடியளைக் கூட்டிக்கொண்டு போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு வெருட்டினார்கள். 1978 இல் அதைப்பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு ஒஸ்காரும் கிடைத்தது. பிறகு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அப்படி வெருட்டப்பட்ட பெடியள், ஒன்றுமே செய்யாமல் விடப்பட்டவர்களைவிடக் கூடக் குற்றம் செய்திருந்தார்கள். வெருட்டினது பெரியாக்களுக்குத் திருப்தி தந்தது. பெடியளுக்கு ஒன்றும் தரவில்லை.

சட்டத்துக்குள்ளேயே வேறு வழிகள் இருக்கின்றன. 2018 திருத்தத்துக்குப் பிறகு பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைக் குற்றவாளியாக்க ஏலாது. பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் இடையில் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்து நீதவான் முடிவு செய்ய வேண்டும். 1999 சட்டத்தின்படி சின்னக் குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை போடலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். 1929 என்ற இலக்கமும் இருக்கிறது. ஆனால் எங்கட பெற்றாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிள்ளை பிடிபட்டால் முதலில் தேடுவது சட்டத்தரணியை. அதுக்கும் காசு இல்லாவிட்டால் கோயிலை.

ஸ்காபரோவில் எங்கட ஆக்கள்

'எங்கட பண்பாடு அப்படி, எங்கட பெடியள் இப்படி இல்லை' என்று வெளிநாட்டில் இருந்து எழுதுகிற உறவுகளுக்கு ஒரு ஞாபகமூட்டல். தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ்ப் பெடியள் ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் குழுக்களாகப் பிரிந்து ஒருத்தரை ஒருத்தர் வெட்டினார்கள், சுட்டார்கள். சம்பந்தமே இல்லாத மாணவர்களும் செத்தார்கள். தனியாக அனுப்பப்பட்ட பெடியள், இரண்டு வேலை செய்கிற பெற்றார், பாஷை தெரியாத வகுப்பறை, மனதுக்குள் சண்டை. அதே பட்டியல்தான்.

2001 இல் கனடாப் பொலிஸ் பெரிய எடுப்பில் கைது செய்தது. ஆனால் அதற்கு மூன்று வருசம் முந்தி, 1998 இல், அங்கத்தைய இளம் ஆக்கள் தாங்களே கூடி கனேடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். பெரியாக்கள் வெட்கத்தில் கதைக்காமல் இருந்த விசயத்தை இருபது வயதுக்காரர் வெளியில் கதைத்தார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், வழிகாட்டினார்கள், பெடியளுக்குப் போக ஒரு இடம் உண்டாக்கினார்கள்.

கத்திக்குத்துக்குப் பெயர்போன கிளாஸ்கோவிலும் 2005 இல் பொலிஸே வன்முறையை ஒரு தொற்றுநோய் மாதிரிப் பார்க்கத் தொடங்கியது. குழுப் பெடியளை நீதிமன்ற மண்டபத்துக்குக் கூப்பிட்டு இருத்தினார்கள், ஆனால் விசாரிக்க இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி எழும்பிக் கதைத்தா. முகத்தில் வெட்டைத் தைக்கிற வைத்தியர் கதைத்தார். கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கம் கொடுத்தார்கள்: விட விரும்பினால் எடு, படிப்புக்கோ வேலைக்கோ நாங்கள் நிற்கிறோம், விடாவிட்டால் சட்டமும் நிற்கும். அடுத்த பத்து வருசத்தில் அங்கே கொலைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. கண்டிப்பும் கதவும் ஒன்றாக இருந்ததுதான் அதில் விசயம்.

நாங்கள் கேட்பதும் செய்யப்போவதும்

எங்கட கோரிக்கை பெரிசில்லை.

பள்ளிக்கூடங்களிடம்: ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் ஒரு ஆள் அந்த வீட்டு முத்தத்தில் நிற்க வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே ஒருத்தருக்கும் விடுகைப் பத்திரத்தைத் தண்டனையாக எழுத வேண்டாம். எழுதத்தான் வேண்டும் என்றால், அவனை எடுக்கப்போகும் அடுத்த பள்ளிக்கூடத்தின் பெயரையும் அதே தாளில் எழுதுங்கோ.

பிரதேச சபையிடம்: மைதானத்துக்கு இரவு எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் போடுங்கோ. பின்னேரம் நாலில் இருந்து எட்டு வரைக்கும்தான் எங்கட பெடியளைக் கேட்க ஆளில்லாத நேரம்.

வெளிநாட்டு உறவுகளிடம்: கோயில் கோபுரத்துக்கு அனுப்புகிறதில் ஒரு பங்கை ஒரு சைக்கிள் கடைக்கு, ஒரு தச்சுப் பட்டறைக்கு அனுப்புங்கோ, பழகுகிற பெடியனுக்குச் சம்பளமாக. வாள்வெட்டுக்குக் காசு வெளியில் இருந்து வருகிறது என்று பொலிஸார் பல தடவை சொல்லியிருக்கினம். ஸ்பனருக்கும் அங்கேயிருந்து வரட்டும்.

எங்களிடம்: வாள் வீடியோ இனி எங்கட குழுக்களில் போகாது. அது அவனுக்கு விளம்பரம், வெட்டு வாங்கின வீட்டுக்கு இரண்டாம் வெட்டு. அந்த வீட்டுக்காரருக்குப் போய் முகம் கொடுக்காமல் பெடியனுக்காக மட்டும் கதைத்தால் எங்கட கதைக்கு மதிப்பில்லை என்பதும் தெரியும். போனோம். அவர் எங்களை இருக்கச் சொல்லவில்லை. நின்றபடி கதைத்தோம். "உங்களுக்கு அவன் கூட்டாளி. எனக்கு அவன் விரல்" என்றார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. அவருடைய வயலில் இந்தப் போகம் வரம்பு கட்ட நாங்கள் நாலு பேர் போகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

இந்த வருசம் எங்கட ஊரில் ஒன்பதாம், பத்தாம் ஆண்டில் பள்ளிக்கூடம் வராமல் விட்ட பெடியள் ஆர் ஆர் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை ஏழு பெயர். கொப்பி ஒருத்தருக்கும் காட்டுவதற்கில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எங்களில் ஒரு ஆள். மாதம் ஒருக்கால் அல்ல, கிழமைக்கு ஒருக்கால் போய் வர வேண்டும். என்ன கதைப்பது என்று தெரியாவிட்டால், கரப்பந்து ரீமுக்கு ஆள் காணாது என்று சொல்லலாம்.

அவனுடைய பெயரையும் அந்தக் கொப்பியில் எட்டாவதாக எழுதினோம். வழக்கு முடிந்து எப்ப வருவானோ தெரியாது. வரும்போது சந்தியில் நின்று பார்க்கிற கண்கள் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கண்களில் சில எங்களுடையவை. அவனுடைய அம்மாவிடம் போனகிழமை சொன்னோம், "அவன் வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கோ அம்மா" என்று.

இந்தமுறை அவ 'நல்லது' என்று சொல்லவில்லை. "உள்ளுக்கு வந்து இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று சொன்னா.